செம்பனை ஆலைக் கழிவுநீரில் மின்சாரம்: ஊருக்கு என்ன மிச்சம்?

#1 தாமான்வாசி

பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை). பால்மரம் போய், தோட்டம் துண்டாகி, இளசுகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். 2023ல் வந்த தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. மேடையில் எல்லாரும் இதுதான் அடுத்த வளர்ச்சி என்கிறார்கள்.

எனக்குக் கணக்கு வேண்டும். ஆலைக் கழிவுநீர், பழம் உதிர்த்த வெற்றுக் குலை, சூரிய ஒளி: இந்த மூன்றில் எது நம் மாதிரி தோட்டத்து ஊருக்கு வேலையும் வியாபாரமும் தரும்? தெரிந்தவர்கள் எண்ணோடு எழுதுங்கள்.

#2 கொதிகலன்45

நடுத்தர ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 45 டன், வருடத்துக்கு 2,50,000 டன் பழக்குலை. ஒரு டன் குலை உள்ளே போனால் எண்ணெய் 200 கிலோ சொச்சம், வெற்றுக் குலை 220 முதல் 230 கிலோ, நார் 130 கிலோ அளவில், கொட்டை ஓடு 60 கிலோ, கொட்டைப் பருப்பு 50 கிலோ வரும். கழிவுநீர் 0.65 கன மீட்டர்.

அந்தக் கழிவுநீர் 80 பாகைச் சூட்டில், புளிப்பாக, பிஎச் 4 முதல் 5ல் வெளியே வருகிறது. சிஓடி (அழுக்கைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு) லிட்டருக்குச் சுமார் 50,000 மில்லிகிராம். காற்றுப்படாமல் நொதிக்க விட்டால் ஒரு கன மீட்டருக்கு 25 முதல் 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் 60 விழுக்காடு மீத்தேன்.

2,50,000 × 0.65 = 1,62,500 கன மீட்டர் கழிவுநீர். 28ஆல் பெருக்கினால் 45 லட்சம் கன மீட்டர் வாயு. எஞ்சின் திறன் 38 விழுக்காடு, பழுது நாட்கள் போக, வருடத்துக்கு 90 லட்சம் யூனிட் சொச்சம். சராசரியில் 1 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல்.

திறந்த குளத்தில் விட்டால் அதே மீத்தேன் வானத்துக்குப் போகிறது. வருடத்துக்கு 1,800 டன். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டையாக்ஸைடைப் போல 28 மடங்கு என்று வைத்தால் 50,000 டன்னுக்குச் சமம். அதனால்தான் 2014 ஜனவரி 1 முதல் புது ஆலைக்கும், திறன் கூட்ட விண்ணப்பிக்கிற பழைய ஆலைக்கும் வாயுப் பிடிப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

#3 தாமான்வாசி

ஒரு மெகாவாட்தானா? மாதம் 300 யூனிட் எரிக்கிற வீடு என்றால் எத்தனை வீடு ஓடும்?

#4 கொதிகலன்45

2,500 வீடு. சின்ன ஊருக்குப் போதும். ஆனால் அந்த மின்சாரம் உங்கள் வீட்டுக்கு வருவதாக நினைக்காதீர்கள். மின்கம்பி அண்ணன் வந்து சொல்லட்டும்.

#5 மின்கம்பி

சொல்கிறேன். இழையின் முக்கியமான கேள்வி வாயு எவ்வளவு என்பதல்ல. ஆலைக்கும் 11 கிலோவோல்ட் லைனுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பது.

ஆலைகள் காட்டுக்கு நடுவே இருக்கின்றன, பழம் 24 மணி நேரத்துக்குள் வேகவேண்டும் என்பதால். லைன் ஊர் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. 1 மெகாவாட்டை விற்க 8 கிலோமீட்டர் நிலத்தடிக் கேபிள் போட்டால், கிலோமீட்டருக்கு லட்சக்கணக்கில் போய், எஞ்சின் விலையைக் கேபிள் விலை தொட்டுவிடும். அதற்கு மேல் இணைப்பு ஆய்வு, பாதுகாப்பு ரிலே, தனி மீட்டர். லைனின் கடைசி நுனியில் சுமை (மின் தேவை) குறைவாக இருந்தால் பகலில் வோல்டேஜ் ஏறி ரிலே எஞ்சினை லைனிலிருந்து துண்டித்துவிடும். "டிஎன்பி (நம் மின்சாரக் கம்பெனி) வாங்க மாட்டேங்குது" என்று ஆலைக்காரர்கள் குறை சொல்வதில் பாதி இந்தப் பிரச்சினைதான்.

2011 சட்டத்தின்படி வந்த ஃபிட் திட்டத்தில் (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை நிலையான விலைக்கு வாங்கும் திட்டம்) 4 மெகாவாட்டுக்கு உட்பட்ட பயோகேஸுக்குத் தொடக்கத்தில் அடிப்படை விலை 32 காசு, 16 வருட ஒப்பந்தம் என்று இருந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மாதம் 300 யூனிட்டுக்கு மேல் எரிக்கிற வீட்டு பில்லில் 1.6 விழுக்காடு என்று ஒரு வரி இருக்குமே, அதிலிருந்து. அதாவது தாமான் (வீடமைப்புப் பகுதி) காரர் கட்டுகிறார், ஆலைக்காரர் வாங்குகிறார், மின்சாரம் கிரிட்டில் (பொது மின்வலையில்) கலந்து சுமை இருக்கிற இடத்துக்கு ஓடுகிறது.

இது புதுக்கதை இல்லை. செண்டேரோ அணை 1930ல் வந்தது, நமக்குப் பக்கத்தில்தான். கட்டியது பேராக் நதி நீர்மின் கம்பெனி. தண்ணீர் மேல் பேராக்குடையது, மின்சாரம் போனது கிந்தா ஈயச் சுரங்கத்துக்கு. வளர்ந்தவை ஈப்போவும் கம்பாரும். நம் பக்கத் தோட்டங்களிலோ லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) ஆலை ஜெனரேட்டர் சாயங்காலம் ஓடும், பத்து மணிக்கு நிற்கும், அவ்வளவுதான்.

#6 பழைய_கிராணி

மின்கம்பி சொல்றது சரி. இன்னொண்ணு சேத்துக்குங்க. 20 ஹெக்டருக்கு மேல இருக்கற தோட்டத்துல தொழிலாளி வீட்டுக்குத் தண்ணியும் மின்சாரமும் குடுக்கணும்னு 1990லேயே குடியிருப்புச் சட்டம் வந்துருச்சு. மில் ஏற்கெனவே நாரையும் ஓட்டையும் எரிச்சு நீராவி போட்டு, டர்பைன் சுத்தி, தன் தேவைக்குத் தானே மின்சாரம் எடுத்துக்குது, பல பத்து வருஷமா. "பசுமை"ன்னு பேரு மட்டும்தான் புதுசு. மில் நிக்கற நாள்ல லயத்துக்கு டீசல் ஜெனரேட்டர் ஓடுதே, அதை நிறுத்துங்க முதல்ல.

#7 கொதிகலன்45

கிராணி ஐயா சொன்ன ஓட்டுக்கு ஒரு பின்குறிப்பு. டன் குலைக்கு 17 முதல் 20 யூனிட் போதும், நார் மட்டுமே கிட்டத்தட்ட அதைத் தந்துவிடும். ஓடு மிச்சம். ஜப்பான் 2012ல் தன் ஃபிட் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து அந்த மிச்ச ஓடு கப்பலேறுகிறது. நம் ஓடு, அவர்கள் மின்சாரம். ஆலைக்கு ரொக்கம், அது உண்மை. ஓடு விற்கிற ஆலையில் ஈர நாரை மட்டும் எரிக்கும்போது நீராவி அழுத்தம் இறங்குகிறது, புகை கறுக்கிறது. அப்போது கொதிகலன் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? ரகசியமாக ஓட்டைத் திரும்ப அள்ளிப் போடுவார்.

#8 குளத்துச்சேறு

வாயு வரும் வரும் என்கிறீர்கள். வராமல் போவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. மூடிய குளம் போட நினைப்பவர்களுக்காக.

அளவு: மணிக்கு 45 டன், நாளுக்கு 20 மணி என்றால் உச்ச நாளில் 585 கன மீட்டர் கழிவுநீர். 40 நாள் தங்க வேண்டும், ஆக 23,400 கன மீட்டர் குளம். மேலே எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு, 1.5 முதல் 2 மில்லிமீட்டர். எஃகுத் தொட்டி என்றால் கலக்கி வைத்து 18 முதல் 20 நாளில் முடிக்கலாம், செலவு கூடும்.

தொடக்கம்: பழைய காற்றில்லாக் குளத்தின் அடிச்சேற்றை எடுத்துக் கொள்ளளவில் கால் பங்காவது நிரப்புங்கள். புதுக் கழிவுநீரை நேராக ஊற்றினால் அமிலக் கிருமி முந்திவிடும், மீத்தேன் கிருமி செத்துவிடும். ஒரு கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.5 கிலோ சிஓடியில் ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் ஏற்றி, 1.2க்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் கொழுப்பமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 0.3க்குக் கீழே இருந்தால் ஏற்றலாம். 0.4ஐத் தாண்டினால் ஊட்டுவதை நிறுத்துங்கள். பிஎச் காட்டுவதை நம்பி உட்காராதீர்கள். பிஎச் 6.8க்குக் கீழே இறங்குவதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும். சுண்ணாம்பு கொட்டுவது பலருக்குப் பழக்கம். அது குழாயில் பாறையாகப் படியும். அதைவிட, நொதித்து முடிந்த தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவது நல்லது. அதிலேயே காரத்தன்மை இருக்கிறது.

சூடு: 80 பாகையிலிருந்து 38க்கு இறக்க வேண்டும், அல்லது 50 முதல் 55ல் நிறுத்தி அந்தச் சூட்டுக் கிருமியைத் தனியாக வளர்க்க வேண்டும். நடுவில் தள்ளாடினால் இரண்டு வகையும் வளராது. குளிர்க்குளம் சிறிதாகிப்போன ஆலைகளில் இது அடிக்கடி நடக்கும்.

எண்ணெய்: எண்ணெய்ப் பொறி சரியாக வேலை செய்யாவிட்டால் விரிப்புக்கடியில் எண்ணெயும் நாரும் சேர்ந்து தடித்த ஏடு கட்டும். வாயு வெளியேற இடமில்லாமல் விரிப்பு ஒரு பக்கம் மட்டும் வீங்கும். மேலே மழைத்தண்ணீர் தேங்கினாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை பம்ப் வைத்து இறைக்க ஆள் வேண்டும். விளம்பரப் படத்தில் விரிப்பு எப்போதும் அழகாக உப்பியிருக்கும்.

மணல்: பழத்தோடு வருகிற மண் அடியில் படிந்து 40 நாள் குளத்தை 25 நாள் குளமாக்கிவிடும். அடிச்சேறு உறிஞ்சும் குழாய் முதல் நாளிலேயே போட்டிருக்க வேண்டும். பிறகு போட முடியாது, விரிப்பைக் கிழித்தால்தான் உண்டு.

#9 கொதிகலன்45

அருமை. எஞ்சின் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 1,000 முதல் 3,000 பங்கு வரை இருக்கும். எஞ்சினுக்குள் 200க்குக் கீழே போக வேண்டும். இல்லையென்றால் எரிந்து கந்தக அமிலமாகி எஞ்சின் எண்ணெயில் கலந்து, செம்பு பேரிங்கைத் தின்றுவிடும். எண்ணெயின் கார எண் புது எண்ணெயில் இருந்ததில் பாதிக்கு இறங்கினால், மணிக்கணக்கு முடியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பவர் ஓவர்ஹாலுக்குப் பணம் எடுத்து வைக்கட்டும்.

வாயுவிலிருந்து கந்தகத்தை எடுக்கும் கழுவும் கோபுரம் கிருமி வகை என்றால், சிறிது காற்றை அளந்து விட்டு, கிருமியே கந்தகத்தைத் தின்னும். காற்று குறைந்தால் மஞ்சள் கந்தகம் கட்டி அடைப்பு. கூடினால் வாயுவோடு ஆக்சிஜன் சேர்ந்து ஆபத்து. பிறகு குளிர்விப்பான் வைத்து ஈரத்தைப் பிரிக்க வேண்டும். குழாயின் தாழ்ந்த இடங்களிலெல்லாம் தண்ணீர்ப் பொறி.

உயிர் விஷயம்: ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. குழிக்குள் இறங்கியவனை எடுக்க இன்னொருவன் இறங்கி, இரண்டு பேரும் போவது இதனால்தான். வாயு அளவி இல்லாமல் யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

#10 தாமான்வாசி

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் வெற்றுக் குலையை எரித்து மின்சாரம்? மலைமாதிரி குவிகிறதே.

#11 குளத்துச்சேறு

65 விழுக்காடு தண்ணீர். கிழித்து, பிழிந்து, 50க்குக் கீழே கொண்டுவந்தால்தான் அடுப்பில் நிற்கும். கத்தி மணலில் தேயும். பொட்டாசியம் அதிகம் என்பதால் சாம்பல் உருகிக் குழாயில் கண்ணாடிபோல ஒட்டும்.

அந்தப் பொட்டாசியம்தான் விஷயமே. குலையை மரத்தடியில் ஹெக்டருக்கு 40 டன் போட்டால் உரச்செலவு குறையும், மண்ணில் ஈரம் நிற்கும். மின் நிலையத்துக்கு விற்றுவிட்டு அதே பொட்டாஷை வெளிநாட்டிலிருந்து வாங்குவது என்ன கணக்கு? ஆலைக்கு அருகில் நிலம் இருந்தால் குலை தோட்டத்துக்குத்தான். லோரி வாடகை எட்டாத தூரமென்றால் மட்டும் அடுப்பைப் பற்றி யோசியுங்கள்.

#12 பழைய_கிராணி

சோலாரையும் சொல்லிடறேன். 1 மெகாவாட்டுக்கு மூணு நாலு ஏக்கர். 50 மெகாவாட் பண்ணைன்னா 200 ஏக்கர், 80 ஹெக்டர். அதே 80 ஹெக்டர் செம்பனையில 8 ஹெக்டருக்கு ஒரு ஆள்னு பத்து ஆள் வேலை, அதுலயும் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்க. சோலார்ல கட்டறப்போ நூத்துக்கணக்குல ஆள், கட்டி முடிச்சதும் புல்லு வெட்ட, கண்ணாடி கழுவ, காவலுக்கு, ரெண்டு டெக்னீசியன். வேலை எண்ணிக்கையில பெரிசா வித்தியாசமில்ல. விலைதான் இறங்கிருச்சு: முதல் பெரிய சோலார் ஏலத்துல யூனிட் 40 காசு பக்கம், 2021 நாலாவது சுற்றுல 25க்கும் கீழ. லாபம் நிலம் வெச்சிருக்கறவங்களுக்கு. நிலம் யாரோடதுன்னு நம்மாளுங்களுக்குச் சொல்லணுமா?

#13 கணக்குப்பிள்ளை

எல்லாரும் வேலையை மட்டும் எண்ணுகிறீர்கள். வளர்ச்சி இன்னொரு வழியிலும் வரும்: விலை ஆடாத மின்சாரம்.

தீபகற்பத்தின் நிலக்கரி முழுக்க இறக்குமதி, பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து. 2022ல் நிலக்கரி விலை ஏறியது. 2023 ஜனவரி முதல் ஜூன் வரை நடுத்தர, உயர் அழுத்தப் பயனீட்டாளர்களுக்கு யூனிட்டுக்கு 20 காசு கூடுதல் கட்டணம் வந்தது. 11 கிலோவோல்ட்டில் மாதம் ஒரு லட்சம் யூனிட் எரிக்கிற ஐஸ் ஆலைக்கு மாதம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். எத்தனை சின்னத் தொழில் அதைத் தாங்கும்? கழிவுநீரின் விலை உலகச் சந்தையில் ஏறுவதில்லை. தூய மின்சாரத்துக்கு முதல் செலவு பெரிது, பிறகு பத்துப் பதினைந்து வருடம் விலை தெரியும். தொழில் தொடங்குகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

#14 மின்கம்பி

ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த நிலையான விலை கிரிட்டுக்கு விற்றால் ஊருக்குக் கிடைக்காது. கிரிட்டுக்குப் போனது கிரிட் விலையில்தான் திரும்பி வரும். சுமையை ஆலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் உண்டு.

என்ன சுமை? முதலில் செம்பனைக் கொட்டைப் பருப்பு அரைக்கும் ஆலை. பெரிய மோட்டார்கள், இரவும் பகலும் ஓடும், மூலப்பொருள் அங்கேயே. இப்போது பல ஆலைகள் பருப்பை லோரியில் ஏற்றி வெளியே அனுப்புகின்றன. அடுத்து, எஞ்சின் சூட்டை வைத்து உலர்த்தல். எரிபொருளின் ஆற்றலில் 40 விழுக்காடு அளவு சூடாகத்தான் போகிறது, வெந்நீராகப் பிடித்தால் 80 பாகைக்கு மேல் கிடைக்கும். பலகை, நார் உலர்த்த அது போதும். குளிர்ச்சேமிப்புக் கிடங்கும் நல்ல சுமை. ஆனால் ஆலை வளாகத்துக்கு வெளியே இன்னொரு கம்பெனிக்கு மின்சாரம் விற்க உரிமம் வேண்டும். அதைக் கேட்காமல் கம்பி இழுக்காதீர்கள்.

லைனும் இல்லை, சுமையும் இல்லை என்றால் வாயுவையே ஏற்றுங்கள். சிலாங்கூர் சுங்கை தெங்கி ஆலையில் 2015ல் அப்படி ஒரு பயோ சிஎன்ஜி நிலையம் தொடங்கினார்கள். மீத்தேனை 94 விழுக்காட்டுக்கு மேல் சுத்தப்படுத்தி, 200 பார் அளவுக்கு அழுத்தி, டிரெய்லரில் தொழிற்சாலை பாய்லருக்கு அனுப்புவது. கேபிள் வேண்டாம், ரோடு போதும்.

#15 தாமான்வாசி

வீட்டுக்கூரை சோலார்? தாமானில் விற்பனைக்காரர்கள் வாரம் ஒருவர் கதவைத் தட்டுகிறார்கள்.

#16 கணக்குப்பிள்ளை

பில்லைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 2025 ஜூலை 1 முதல் மாதம் 1,500 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு எரிசக்தி 27.03, திறன் 4.55, கம்பி 12.85, ஆக 44.43 காசு. ஆனால் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு ஊக்கத்தள்ளுபடி. நிகரம் 19.43 காசு, 200 யூனிட்டுக்குப் பில் 38.86 வெள்ளி. இந்த வீட்டில் சோலார் போட்டால் இந்த ஜென்மத்தில் முதல் திரும்பாது.

ஏர்கோன் பகலிலும் ஓடுகிற வீடு, மாதம் 800, 900 யூனிட் என்றால் வேறு கணக்கு. 1 கிலோவாட் பலகைக்கு நாளொன்றுக்கு 3.3 முதல் 3.6 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். 5 என்று சொல்பவர் மலேசிய மேகத்தைப் பார்த்ததில்லை. என்இஎம் (மிச்ச மின்சாரத்தைக் கிரிட்டுக்குக் கொடுத்து பில்லில் கழிக்கும் திட்டம்) பதிவு 2025 ஜூன் 30ல் முடிந்துவிட்டது, பழைய கணக்கைக் காட்டினால் திருப்பி அனுப்புங்கள். இப்போது பகல் பயன்பாட்டுக்கு அளவாகப் போடுவதுதான் புத்தி. தகரக் கூரை என்றால் சட்டத்துக்கு ரப்பர் வளையம், துருப்பிடிக்காத திருகு. ஓட்டை போட்ட இடத்தில் இரண்டாவது மழையில் ஒழுகும், முதல் மழையில் இல்லை.

#17 பழைய_கிராணி

அப்போ லயத்து வீட்டுக்கு சோலார் ஆகாது, தாமான் பங்களாவுக்கு ஆகும். எதிர்பார்த்ததுதான்.

#18 குளத்துச்சேறு

லயத்துக்கு ஆகும் ஐயா, வீடுவீடாக இல்லாமல் மொத்தமாக. தோட்டம் டீசல் ஜெனரேட்டரில் ஓட்டுகிற இடத்தில் போட்டி 19 காசோடு இல்லை, டீசலோடு. ஒரு லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் வரும். அங்கே பகலுக்குச் சோலார், இரவுக்கு ஆலை வாயு எஞ்சின், டீசல் அவசரத்துக்கு மட்டும்.

#19 தாமான்வாசி

அடுத்த மாதம் ஊர்க்கூட்டத்தில் ஓர் ஆலைக்காரர் வாயுத் திட்டம் பற்றிப் பேசுகிறார். என்ன கேட்க வேண்டும்?

#20 மின்கம்பி

மின்சாரம் எங்கே எரியும் என்று கேளுங்கள். கிரிட் என்றால், இணைப்புப் புள்ளி எத்தனை கிலோமீட்டர், இணைப்பு ஆய்வு முடிந்ததா. பக்கத்துத் தொழில் என்றால், யார், எத்தனை கிலோவாட், எழுத்தில் இருக்கிறதா. எஞ்சின் பராமரிப்பு ஆள் எங்கிருந்து வருவார்? கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும் என்றால் எஞ்சின் மூன்று நாள் நிற்கும். பாலிடெக்னிக் முடித்த உள்ளூர்ப் பிள்ளைகள் நான்கு பேரைத் திட்டம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே எடுத்துப் பழக்கச் சொல்லுங்கள். ஆய்வகச் சோதனை, எண்ணெய் மாதிரி, ரிலே அமைப்பு, இது மூன்றும் தெரிந்த ஆள் எந்த ஆலையிலும் வேலை கேட்கலாம்.

#21 கொதிகலன்45

பன்னிரண்டு மாத வாயு அளவையும் கேளுங்கள், மாதவாரியாக. அக்டோபர் எண்ணைக் காட்டுவார்கள், பழம் அப்போதுதான் உச்சம். பிப்ரவரி எண் வேண்டும் என்று சொல்லுங்கள். அது அக்டோபரில் பாதியாக இருந்தால், எஞ்சினை எந்த மாதத்துக்கு அளவெடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. கூடவே ஃபிளேர் (மிஞ்சும் வாயுவை எரித்துத் தீர்க்கும் குழாய்) ஓடிய மணிக்கணக்கு. எஞ்சின் யூனிட் மட்டும் காட்டி ஃபிளேரைக் காட்டாவிட்டால், எவ்வளவு வாயு வீணாக எரிந்தது என்று தெரியாது.

#22 தாமான்வாசி

எழுதிக்கொண்டேன். பிப்ரவரி எண், ஃபிளேர் மணி, கேபிள் தூரம். கூட்டம் முடிந்ததும் அவர்கள் கொடுத்த தாளை இங்கே போடுகிறேன்.